சரக்குக் கலத்தைப் பின்தொடர்வது எப்படி: புளோரிடாவில் கிளம்பி பசிபிக்குக்கு மேல் எரியும் வரை

விண்வெளி நிலையத்துக்கு ஆள் போனால் ஊரே பார்க்கும். சாப்பாட்டு மூட்டை போனால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நான் அந்த மூட்டைகளைத்தான் பல வருடமாகப் பின்தொடர்கிறேன். ஒரு நோட்டு, ஒரு போன், கொஞ்சம் தூக்கத்தைத் தியாகம் செய்யும் மனசு, இவ்வளவு இருந்தால் நீங்களும் பின்தொடரலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிறையப் பேர் ராக்கெட் கிளம்பும் பத்து நிமிடத்தைப் பார்த்துவிட்டு போனை மூடிவிடுகிறார்கள். சரக்குப் பயணத்தில் சரக்கே குறைவாக இருப்பது அந்தப் பத்து நிமிடத்தில்தான். முன்னால் மூட்டை கட்டுவதையும், பின்னால் அங்குலம் அங்குலமாக நெருங்குவதையும், கடைசியில் குப்பையோடு கிளம்புவதையும் பார்த்தால்தான் இது எப்பேர்ப்பட்ட வேலை என்று புரியும். உதாரணத்துக்கு 2025 செப்டம்பரில் நார்த்ரப் கிரம்மன் நிறுவனத்தின் சரக்குக் கலம் போன என்ஜி-23 பயணத்தை எடுத்துக்கொள்கிறேன். நடுவழியில் ஒரு கோளாறு வந்து சரியான பயணம் அது, கற்றுக்கொள்ள வசதி.

முதலில், எந்த வண்டி என்று தெரிந்துகொள்ளுங்கள்

விண்வெளிக்கு ஆளும் சரக்கும் ஏற்றிப்போன அமெரிக்காவின் ஷட்டில் விமானங்கள் 2011 ஜூலையில் ஓய்வு பெற்றன. அதற்கு முன்பே, 2008 டிசம்பரில், நாசா இரண்டு தனியார் நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டிருந்தது. ஸ்பேஸ்எக்ஸுக்கு 12 நடை, 160 கோடி டாலர். ஆர்பிட்டல் நிறுவனத்துக்கு 8 நடை, 190 கோடி டாலர். லாரி வாடகைக்கு விடுபவர்கள் பேசுகிற அதே ‘நடை’தான். வண்டி நாசாவுடையது அல்ல. சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலைக்குத்தான் காசு. ஆர்பிட்டல் கைமாறி இப்போது நார்த்ரப் கிரம்மனுக்குள் இருக்கிறது.

ஸ்பேஸ்எக்ஸின் கலம் டிராகன். தானே நிலையத்தோடு வந்து பொருந்திக்கொள்ளும், திரும்பிவந்து கடலில் இறங்கும். நார்த்ரப் கிரம்மனின் கலம் சிக்னஸ். இது நிலையத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், உள்ளே இருக்கும் ஆள் இயந்திரக் கையால் பிடித்து இழுக்க வேண்டும். திரும்பி வராது. ரஷ்யாவின் புரோகிரஸ், ஜப்பானின் ஹெச்டிவி-எக்ஸ் ஆகியவை அரசு வண்டிகள், அந்தக் கதை வேறு.

முதல் தடவை பார்ப்பவர்களுக்கு நான் சிக்னஸைத்தான் சொல்வேன். டிராகன் ரொம்பச் சமர்த்து. எல்லாம் கணினி பார்த்துக்கொள்கிறது. சிக்னஸில் மனிதக் கை இருக்கிறது. இன்னொரு காரணம் கதவு. டிராகன் பொருந்தும் வழியின் வாய் வட்டமாகச் சுமார் 80 சென்டிமீட்டர்தான். சிக்னஸ் பூட்டப்படும் வாய் சதுரம், அதைவிட அகலம். பீரோவை வீட்டுக்குள் ஏற்ற முயன்றவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும்.

நேரத்தை நம்ம ஊர்க் கடிகாரத்துக்கு மாற்றுங்கள்

என் முதல் முயற்சியே இங்கேதான் கெட்டது. அறிவிப்பில் இருந்த தேதியை அப்படியே நாட்காட்டியில் குறித்துவிட்டு, அன்று இரவு போனைத் திறந்தால், கலம் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தது. அங்கே மாலை என்றால் நமக்கு மறுநாள் விடிகாலை. இந்திய நேரம் வேண்டுமானால் புளோரிடா நேரத்தோடு கோடையில் ஒன்பதரை மணி நேரம், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம் கூட்டுங்கள். என்ஜி-23 அங்கே செப்டம்பர் 14 மாலை 6:11க்குக் கிளம்பியது. இங்கே 15ஆம் தேதி அதிகாலை 3:41. நோட்டில் இரண்டையும் எழுதுங்கள், தேதியோடு.

அப்புறம் நிமிடத்தை ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறார்கள் என்ற கேள்வி வரும். நிலையம் பூமத்திய ரேகைக்கு 51.6 பாகை சாய்ந்த பாதையில் சுற்றுகிறது. பூமி அதற்குள்ளே தன்பாட்டுக்கு உருள்கிறது. ஏவுதளம் அந்தப் பாதைக்கு நேர் கீழே வரும் கணத்தில் கிளம்பினால் எரிபொருள் மிச்சம். தவறவிட்டால் பக்கவாட்டில் திரும்ப வேண்டும், அதற்கு எரிபொருள் கட்டாது. அதனால் இந்தக் கலங்களை ஏற்றிப்போகும் ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 9 ராக்கெட்டுக்கு இந்தப் பயணங்களில் ஒரே ஒரு கணம்தான். மேகமோ வால்வோ குறுக்கிட்டால் அன்றைக்குக் கடை மூடல். தள்ளிப்போனால் ஒவ்வொரு நாளும் சுமார் 24 நிமிடம் முன்னதாக நேரம் வரும். அறிவிப்பு வரும் முன்பே நீங்கள் கணக்குப் போட்டுச் சொல்லலாம், வீட்டில் மதிப்புக் கூடும்.

சாமான் பட்டியலைப் படியுங்கள்

ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் நாசா ஒரு பட்டியல் தரும்: ஆட்களுக்கானது இவ்வளவு கிலோ, ஆய்வுக்கானது இவ்வளவு, நிலையத்துக்கான உதிரி பாகம் இவ்வளவு. இதைத் தாண்டிப் போகாதீர்கள். நிலையத்தில் என்ன தீர்ந்துபோகிறது, என்ன உடைந்திருக்கிறது என்பது இதில்தான் தெரியும்.

ஒரு சின்னக் கணக்கு. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு உறையோடு சேர்த்துச் சுமார் 1.8 கிலோ சாப்பாடு. ஏழு பேருக்கு வருடத்துக்கு நாலரை டன். என்ஜி-23 சுமந்து போனது மொத்தமே ஏறக்குறைய ஐந்து டன். அதாவது ஒரு முழுக் கலம் சாப்பாட்டுக்கே சரியாகிவிடும். தண்ணீருக்கு இந்தப் பிரச்சினை குறைவு. வியர்வை, மூச்சின் ஈரம், சிறுநீர் எல்லாவற்றையும் சுத்திகரித்து 98 சதவீதம் வரை மீட்கலாம் என்று 2023இல் அங்கே காட்டிவிட்டார்கள். ஆனால் துணி துவைக்க வழியில்லை. போட்டுப் போட்டு, இனி முடியாது என்றதும் கழற்றி எறிவதுதான். பட்டியலில் இருக்கும் சட்டையை நினைவில் வையுங்கள், கடைசியில் மறுபடி வரும்.

சாமான் எல்லாம் வெள்ளைத் துணிப் பைகளில் போகும். தீப்பிடிக்காத துணி, உள்ளே பஞ்சுப் பலகை, வெளியே பட்டைக்கோடு ஒட்டியிருக்கும். அரைப் பை, முழுப் பை, இரட்டைப் பை, மூன்று மடங்குப் பை என்று அளவுகள் உண்டு. எல்லாம் ஒன்றின் மடங்கு என்பதால் சுவரோடு செங்கல் அடுக்குவது போல அடுக்கலாம். எடை ஒரு பக்கம் சாயக் கூடாது. மேலே போனதும் எது முதலில் வேண்டுமோ அது வாசலருகே இருக்க வேண்டும். வெளியூர்க் கல்யாணத்துக்கு வேன் ஏற்றியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

சில சாமான்களை முன்கூட்டியே ஏற்ற முடியாது: உயிருள்ள ஆய்வு மாதிரிகள், பழங்கள், குளிர்பெட்டிகள். இவை கிளம்புவதற்கு ஒரு நாள் முன்னால்தான் ஏறும். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சிக்னஸ் முன்பு சொந்த ராக்கெட்டான அன்டாரஸில் போய்க்கொண்டிருந்தது. அதன் கீழ்க்கட்டு, அதாவது முதலில் எரியும் அடிப்பகுதி, உக்ரைனில் செய்தது, எஞ்சின் ரஷ்யாவுடையது. போர் வந்ததும் வரத்து நின்றது. 2023 ஆகஸ்டோடு அந்த ராக்கெட் முடிந்தது. 2024 ஜனவரியிலிருந்து சிக்னஸ் போவது போட்டியாளரான ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 9 மேல் ஏறி. கலம் ராக்கெட்டின் மூக்குக் கூம்புக்குள் அடைந்து கிடப்பதால் கடைசி நேரச் சாமானை உள்ளே வைக்க வழி இல்லை. அதற்காகக் கூம்பின் பக்கவாட்டில் ஒரு கதவையே வெட்டினார்கள்.

கிளம்பும் நேரம்

நாசாவின் நேரலையைத் திறந்துவையுங்கள். 35 நிமிடத்துக்கு முன்னால் எரிபொருள் ஏற ஆரம்பிக்கும். கிளம்பி ஒரு நிமிடம் போல ராக்கெட் மேல் காற்று மோதும் அழுத்தம் உச்சம். இரண்டரை நிமிடத்தில் கீழ்க்கட்டு கழன்று திரும்பும். எட்டாவது நிமிடத்துக்குள் தரையில் வந்து நிற்கும். கைதட்டல் எல்லாம் அதற்குத்தான். மேல்கட்டு மட்டும் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டே போகும். கால் மணி நேரத்தில் சிக்னஸ் தனியாகிவிடும்.

இந்தப் பகுதியை நான் அலட்சியமாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 2014 அக்டோபர் 28இல் அன்டாரஸ் கிளம்பிய சில நொடிகளில் ஏவுதளத்துக்குப் பக்கத்திலேயே விழுந்து வெடித்தது. 2015 ஏப்ரலில் ஒரு புரோகிரஸ் கட்டுப்பாட்டை இழந்தது. ஜூன் 28இல் ஃபால்கன் 9 கிளம்பி 139 நொடியில் சிதறியது. மேல்கட்டுத் தொட்டிக்குள் ஒரு ஹீலியம் கலனைப் பிடித்திருந்த தாங்குகம்பி முறிந்ததுதான் காரணம். சரியாக எட்டு மாதத்தில் மூன்று வண்டி சரக்கு போச்சு. மேலே இருந்தவர்கள் பட்டினி கிடக்கவில்லை, கையிருப்பு வைத்திருந்தார்கள். ஒரே நிறுவனத்தை நம்பாமல் இரண்டு மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுப்பது ஏன் என்று யாராவது கேட்டால் இந்த எட்டு மாதத்தைச் சொல்லுங்கள்.

சிறகு விரிந்ததா என்று பாருங்கள்

கிளம்பிய இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் சிக்னஸின் இரண்டு சூரியத் தகடுகளும் விரிய வேண்டும். வட்டமான தகடுகள், காகித விசிறி விரிவது போலச் சுற்றி விரியும். இந்தச் செய்தி வராமல் படுக்கப் போகாதீர்கள். 2022 நவம்பரில் போன கலத்தில் ஒரு பக்கம் விரியவே இல்லை. ராக்கெட்டிலிருந்து பிய்ந்த ஒலித்தடுப்புப் போர்வைத் துண்டு, தகட்டை விரிக்கும் பொறியில் சிக்கிக்கொண்டது என்று பிறகு தெரிந்தது. ஒற்றைச் சிறகோடே போய்ச் சேர்ந்தது.

துரத்தல்

நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு சுற்று. சிக்னஸ் அதற்குக் கீழே, சின்ன வட்டத்தில் சுற்றும். உள்பிரகாரத்தில் சுற்றுபவர் வெளிப்பிரகாரத்தில் சுற்றுபவரைவிடச் சீக்கிரம் சுற்றிவிடுவார் அல்லவா? இங்கே அதோடு இன்னொன்றும் சேர்கிறது: கீழே இருப்பதற்கு வேகமும் அதிகம். அதனால் பின்னால் இருக்கும் கலம் கீழேயே இருந்தால் தானாக நெருங்கும். அவசரப்பட்டு முன்னோக்கி உந்தினால் பாதை உயர்ந்து, சுற்று நீண்டு, பின்தங்கிப்போகும். எப்போது கீழே இருப்பது, எப்போது எஞ்சினை ஓட்டிப் படியேறுவது என்பதுதான் இரண்டு மூன்று நாள் வேலை.

என்ஜி-23 மாட்டியது இந்த இடத்தில்தான். செப்டம்பர் 16இல் பாதையை உயர்த்த எஞ்சினை ஓட்டியபோது, நேரத்துக்கு முன்னாலேயே எஞ்சின் நின்றுவிட்டது. 17ஆம் தேதி சேர வேண்டிய கலம் கீழேயே தங்கிவிட்டது. எஞ்சினில் கோளாறு இல்லை. எச்சரிக்கை மென்பொருளில் பாதுகாப்பு வரம்பை ரொம்ப இறுக்கமாக வைத்திருந்தார்கள், அது பயந்துபோய் அணைத்துவிட்டது. காரணத்தைக் கண்டுபிடித்து, புதுக் கணக்குப் போட்டு, ஒரே நாள் தாமதத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கலத்துக்குப் பெயர் வில்லியம் மெக்கூல். 2003 பிப்ரவரி 1இல் கல்பனா சாவ்லாவோடு கொலம்பியா ஷட்டில் விபத்தில் இறந்த விமானி அவர். கல்பனாவின் பெயரிலும் ஒரு சிக்னஸ் 2020 அக்டோபரில் போனது. அது ஏற்றிச்சென்ற சாமான்களில் ஒன்று 2.3 கோடி டாலர் செலவில் செய்த புதுக் கழிப்பறை.

இந்த நாட்களில் ஒரு வேலை செய்யுங்கள்: மொட்டைமாடிக்குப் போங்கள். நாசாவின் ‘ஸ்பாட் தி ஸ்டேஷன்’ செயலியில் உங்கள் ஊரைக் கொடுத்தால் நிலையம் கடக்கும் நேரம், திசை, உயரம் மூன்றும் வரும். சூரியன் அடைந்த பிறகோ உதிப்பதற்கு முன்போ, நமக்கு இருட்டி அதன் மேல் மட்டும் வெயில் படும் நேரம் அது. மேற்குப் பக்கத்திலிருந்து கிழக்கு நோக்கி, மினுக்காமல், ஒரே சீராக நகரும் வெள்ளைப் புள்ளி. மினுக்கினால் விமானம். நல்ல தடவையாக இருந்தால் ஐந்தாறு நிமிடம் கிடைக்கும். சேருவதற்கு முந்தைய நாள் அதிர்ஷ்டம் இருந்தால் அதே தடத்தில், முன்னாலோ பின்னாலோ, ரொம்ப மங்கலாக இன்னொரு புள்ளி போகும். நான் பைனாகுலரில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டு மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “இதுல என்னப்பா இருக்கு?” என்றார். “சாப்பாடு, மாமா” என்றேன். அவர் அதற்கப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தார்.

நெருங்குவது: உட்கார்ந்து பாருங்கள்

இந்த நேரலை மணிக்கணக்கில் போகும், திரையில் அசைவே தெரியாது. காப்பி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நிலையத்தைச் சுற்றி 200 மீட்டர் ஆரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோளம் இருக்கிறது. அனுமதி இல்லாமல் எந்தக் கலமும் அதற்குள் நுழையக் கூடாது. சிக்னஸ் கீழேயிருந்து ஏறி 250 மீட்டரில் நிற்கும். ஹூஸ்டனில் இருக்கும் கட்டுப்பாட்டு அறையில் ஒவ்வொரு மேசையாகக் கேட்டு, எல்லோரும் சரி என்றால்தான் உள்ளே. பிறகு 30 மீட்டரில் இன்னொரு நிறுத்தம். கடைசியாகச் சுமார் 10 மீட்டர். கீழேயிருந்து வருவதற்குக் காரணம் இருக்கிறது: எஞ்சின் செத்துப்போனாலும் கலம் நிலையத்தின் மேல் போய் மோதாமல், தானாக முன்னால் விலகிக் கீழே இறங்கிவிடும்.

இப்போது உள்ளே பாருங்கள். குபோலா என்பது ஏழு சன்னல் வைத்த ஒரு சின்னக் கூண்டு. அதில் ஒருவர் இரண்டு கைப்பிடிகளோடு இருப்பார். அவர் ஓட்டுவது கனடா செய்துகொடுத்த இயந்திரக் கை, 17.6 மீட்டர் நீளம். கலத்தின் மேல் ஒரு முளை நீட்டிக்கொண்டிருக்கும். கையின் நுனி ஒரு குழல்; குழலுக்குள் மூன்று கம்பிச் சுருக்குகள். முளை குழலுக்குள் போனதும் சுருக்கு முறுகி இறுக்கும். பார்க்கும்போது ஓணான் பிடிக்கிற சுருக்கு ஞாபகம் வரும்.

பிடிப்பதற்கு முன்னால் “ஃப்ரீ டிரிஃப்ட்” என்று ஒரு சொல் கேட்கும். கலத்தின் உந்திகளை எல்லாம் அணைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். பிடிக்கும் நேரத்தில் கலம் தன் இஷ்டத்துக்கு உந்தி கையோடு மல்லுக்கட்டினால் கை முறியும், அதனால். ஆனால் அணைத்த கலம் நிலையாக நிற்காது, மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். அது விலகுவதற்குள் பிடிக்க வேண்டும். இந்தப் பயணத்திலேயே கண்கொட்டாமல் பார்க்க வேண்டிய நிமிடங்கள் இவைதான். இரண்டும் நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் பறக்கின்றன, ஒன்றை ஒன்று நெருங்குவதோ நொடிக்குச் சில சென்டிமீட்டர். என்ஜி-23ஐ விண்வெளி வீரர் ஜானி கிம் பிடித்தபோது இந்தியாவில் செப்டம்பர் 18 மாலை 4:54. நான் டீக்கடையில் நின்று போனில் பார்த்தேன், டீ ஆறிவிட்டது.

பூட்டுதல், திறத்தல்

பிடித்த பிறகு தரையில் இருப்பவர்கள் கையை ஓட்டி, கலத்தை யூனிட்டி என்ற பகுதியின் அடிப்பக்கம் கொண்டுபோய் வைப்பார்கள். 16 போல்ட்கள், நாலு நாலாக இறுகும். கதவை உடனே திறக்க மாட்டார்கள். இரண்டு கதவுக்கும் நடுவில் காற்றை நிரப்பி, கசிவு இருக்கிறதா என்று காத்திருந்து பார்ப்பார்கள். முதலில் நுழைபவர் கண்ணாடியும் முகமூடியும் போட்டிருப்பார். எடையில்லாத இடத்தில் தூசி கீழே படியாது, முகத்தின் உயரத்திலேயே மிதக்கும்.

சாமான் இறக்குவது வாரக்கணக்கில் நடக்கும். ஒவ்வொரு பையும் எந்தச் சுவரில் எந்த இடத்துக்குப் போனது என்று தரையில் ஒருவர் கணக்கு வைக்கிறார்.

நிலையத்தில் வண்டி நிறுத்தும் தகராறும் உண்டு. 2025 நவம்பர் கடைசியில் ரஷ்யாவின் ஆள் ஏற்றும் கலமான ஒரு சோயுஸ் வர வேண்டியிருந்தது. அதற்கு வழிவிட இதே சிக்னஸைக் கழற்றி, கையிலேயே பிடித்து வைத்திருந்து, டிசம்பர் 1இல் திரும்பப் பூட்டினார்கள். அன்றைக்கு எட்டு வாசலிலும் எட்டுக் கலங்கள். நிலையத்தின் வரலாற்றிலேயே முதல் தடவை இடம் காலியில்லை.

கடைசிப் பயணம்

சில மாதங்களில் சாமான் காலியாகும். அந்த இடத்தில் குப்பை ஏறும்: சாப்பாட்டு உறை, கெட்டுப்போன பம்பு, பஞ்சுப் பலகை, முடிந்த ஆய்வுப் பெட்டி. இதையும் எடை பார்த்து, சமமாகத்தான் அடுக்க வேண்டும். கலம் சாய்ந்தால் சரியாக இறங்காது. போட்டுக் கழற்றிய சட்டைகளும் இங்கேதான் வருகின்றன.

திருப்பிக் கொண்டுவர வேண்டிய ரத்த மாதிரி, படிகம், உறைந்த செல் எல்லாம் டிராகனுக்காகக் காத்திருக்கும். அது நாலு பாராசூட்டில், 2025 முதல் கலிபோர்னியாவை ஒட்டிய கடலில், இறங்குகிறது.

சிக்னஸை இயந்திரக் கை கழற்றி விடுவது நேரலையில் வரும், பாருங்கள். விட்டவுடனே அழித்துவிட மாட்டார்கள். ஆளில்லாத கலம் என்பதால் ஆபத்தான சோதனைகளுக்குத் தோது. 2016 ஜூனில் ஒரு சிக்னஸ் தள்ளிப்போன பிறகு, அதற்குள் ஒரு பெட்டியில் ஒரு மீட்டர் நீளத் துணியைத் தரையிலிருந்தே பற்றவைத்து, எடையில்லாத இடத்தில் தீ எப்படிப் பரவுகிறது என்று படம் பிடித்தார்கள்.

அதற்குப் பிறகு எஞ்சின் கடைசியாக எதிர்த்திசையில் ஓடும். நேரலை கிடையாது. ஓரிரு வரிச் செய்திதான் வரும்: பசிபிக் கடலுக்கு மேல், கப்பலும் ஆளும் இல்லாத பகுதியில் கலம் எரிந்தது என்று. நோட்டில் பட்டியலை எழுதிய பக்கத்தைத் திருப்பி, சட்டைக்கு எதிரே அந்தத் தேதியைக் குறித்துவிடுங்கள்.